மேட்டுப்பாத்திக்கு முன் தரையைச் சமப்படுத்துவது

8 அடிக்கு 4 அடி பாத்தி என்றால், மொத்த இடத்தையும் சமப்படுத்த வேண்டாம். பாத்தியைச் சுற்றி வரும் பலகைச் சட்டம் உட்காரும் ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு மட்டும் சமமாக இருந்தால் போதும். வேலை குறையும்.

நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 8 அடி 11¼ அங்குலத்துக்குப் பக்கமாக, ஒரே அளவில் வர வேண்டும். மட்டம் பார்க்க உள்ளே தண்ணீர் தெரியும் 20 அடி பிளாஸ்டிக் டியூப் போதும். தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் குச்சிகளோடு ஒட்டிப் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு நூல் கட்டுங்கள். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். விரலால் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள்.

இப்போது நூலிலிருந்து தரைக்கு அளந்து பாருங்கள். எங்கே குறைகிறதோ அங்கே மேடு. மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான்: கொட்டிய மண் முதல் மழையில் இறங்கும், அந்த மூலை தாழும், சட்டம் முறுக்கிக்கொண்டு பலகை இணைப்பு விட்டுப்போகும். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் 3 அங்குலம் கொட்டி, ஈரப்படுத்தி, திமிசுக்கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கு. சொதசொதவென்று இருக்கும்போது இடித்தால் இறுகாது. பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உடையும் பதம் வேண்டும்.

வெட்டிய மேல்மண்ணை வீசிவிடாதீர்கள், பாத்திக்கு அதுதான் உயிர். நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி மட்டம் பார்த்தபின் சட்டத்தை வையுங்கள்.