நவம்பரில் பிள்ளையோடு சிவகங்கை மலை ஏற

பெங்களூரில் இருந்துகொண்டு முதல் தடவை குழந்தையைக் கூட்டிப்போக ஒரு மலை வேண்டுமென்றால் நான் சிவகங்கையைத்தான் சொல்வேன். நம்ம ஊர் சிவகங்கை இல்லை, துமகூரு சாலையில் டாபஸ்பேட்டை பக்கம், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் பாறையில் வெட்டிய படியும் கம்பிப்பிடியும் இருப்பதால் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஏறிவிடும். பெங்களூர் பக்கத்து இன்னொரு மலையான சாவனதுர்கா அப்படியில்லை, மொட்டைப் பாறை, அதற்கு அவசரமில்லை.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது, முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் உச்சி. காலையில் குளிரும், பத்து நிமிடம் ஏறியதும் வேர்க்கும், அதனால் ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு சட்டை நல்லது.

ஏறும்போது பிள்ளை முன்னால், நீங்கள் ஒரு படி பின்னால். இறங்கும்போது நீங்கள் முன்னால். வேகத்தை அவன் முடிவு செய்யட்டும்.

குரங்குதான் பெரிய தொல்லை! பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டால் போச்சு, எலுமிச்சை சாதமும் தண்ணீரும் முதுகுப்பைக்குள்ளேயே இருக்கட்டும், சாப்பாடு கீழே வந்தபிறகு. உச்சிக்குக் கீழே நந்தி சிலையோடு அவன் திரும்பலாம் என்றால், சரி, திரும்பிவிடுங்கள்.