இடுப்பு மூட்டு மாற்றம்: சிறிய கீறலுக்குப் பின் வீட்டில் கவனிக்கவேண்டியவை

தேய்ந்த இடுப்பு மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தும் இன்றைய சத்திரசிகிச்சைக்கு 1962 இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி அடித்தளமிட்டார். அதன் பின் பெரிதும் மாறியிருப்பவை மூட்டைச் சென்றடையும் வழியும் சிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்புமாகும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ சென்று இதைச் செய்துகொள்ள எண்ணும் குடும்பங்கள் வைத்தியரிடம் பெரும்பாலும் கீறலின் நீளத்தைத்தான் முதலில் கேட்கின்றன. எந்தப் பக்கத்தால் உள்ளே செல்வார்கள், எந்தத் தசைகளைத் தொடுவார்கள் என்று கேட்பதே முக்கியம். வீட்டுக்கு வந்த பின் எப்படி உட்கார வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்பதை அந்தப் பதிலே தீர்மானிக்கிறது.

பின்புற வழியில், பிட்டத்துப் பெருந்தசையை அதன் இழைகளின் போக்கில் பிரித்து, உள்ளேயுள்ள சிறு தசைகளின் நாண்களை எலும்பிலிருந்து விடுவித்து, முடிவில் மீண்டும் தைத்துவிடுவார்கள். முன்புற வழியில் தொடையின் இரு தசைகளுக்கு நடுவே இயல்பாகவே உள்ள இடைவெளியால் மூட்டை அடைவதால் தசைகள் பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை. கீறல் ஏறக்குறைய 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை இருக்கும். முன்புற வழியில் முதற் சில வாரங்களில் நடை விரைவாகத் திரும்புகிறது. சில மாதங்கள் கழிந்தால் இரு வழிகளுக்கும் இடையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. தொடையின் வெளிப்புறத்தில் மரத்துப்போன உணர்வு சிலருக்கு ஏற்படுவதும் முன்புற வழியில்தான். ஆகவே, பின்புற வழியில் நீண்ட அனுபவமுள்ள நிபுணரை விட்டு, முன்புற வழியைப் புதிதாகப் பழகுபவரைத் தேடிச் செல்வது விவேகமன்று என்பதே என் உறுதியான எண்ணம்.

விரைவான மீட்சிக்குக் கீறல் மட்டும் காரணமன்று. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதும், இரத்த இழப்பைக் குறைக்கும் ட்ரனெக்ஸாமிக் அமிலமும், பல வகை வலிநிவாரணிகளைச் சிறு அளவுகளில் சேர்த்துக் கொடுப்பதும் சேர்ந்தே, நோயாளியை அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கவைக்கின்றன.

ஆயத்தம் சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். நீரிழிவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள், புகைத்தலை நிறுத்துங்கள், சூத்தைப்பல் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை பெறுங்கள். பல்லிலும் தோலிலும் உள்ள கிருமிகள் இரத்தத்தின் வழியாகப் புதிய மூட்டைச் சென்றடையக்கூடும். இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது மலசலகூடம். குந்தியிருக்கும் வகையாயின் அதன் மேல் வைக்கக்கூடிய கொமட் கதிரை ஒன்று தேவை. கொமட் ஏற்கெனவே தாழ்வாக இருந்தால் அதன் இருக்கையை உயர்த்தவேண்டும். அளவு பார்ப்பது எளிது: நோயாளி உட்காரும்போது முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்திருக்கவேண்டும். முற்றத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள் பல இந்த அளவை விடத் தாழ்வானவை. கைப்பிடியும் உறுதியும் உள்ள உயரமான கதிரையைத் தேர்ந்தெடுங்கள். பாயில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். கால் விரிப்புகளையும் மின்கம்பிகளையும் நடைபாதையிலிருந்து அகற்றிவிடுங்கள்.

வைத்தியசாலையை விட்டு வருமுன், டயக்னோசிஸ் கார்டில் எவ்வழியால் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது, எவ்வளவு பாரம் ஊன்றலாம், எந்த அசைவு கூடாது என்பவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். பின்புற வழியாயின் பொதுவாக இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குதல், காலைக் குறுக்காகப் போடுதல், பாதத்தை உட்பக்கம் திருப்புதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். முன்புற வழியாயின் காலைப் பின்னே நீட்டி வெளிப்புறம் திருப்புவதில் கவனம் தேவைப்படும். ஊரில் உங்களைப் பார்க்கப்போகும் இயன்மருத்துவருக்கு இந்தக் கார்ட் இன்றியமையாதது.

திரும்பும் பயணம் நெடியது. வாகனத்தின் முன் ஆசனத்தைப் பின்னே தள்ளி, சாய்த்து, தலையணை வைத்து உயர்த்துங்கள். ஏறக்குறைய ஒரு மணிக்கொரு தடவை நிறுத்தி இறக்கி நடக்கவையுங்கள். தாழ்ந்து ஒடுங்கிய ஆட்டோ ஆசனத்தை ஆரம்ப வாரங்களில் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் பகல் முழுவதும் சற்று நேரத்துக்கொரு தடவை சிறிது நடப்பது, ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடப்பதை விடச் சிறந்தது. படுத்திருக்கையில் பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள், தொடைத்தசையையும் பிட்டத் தசையையும் இறுக்கித் தளர்த்துங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் சத்திரசிகிச்சை செய்த காலும் முதலில். உப்புவெளி மணலில் நடப்பதையும் கோணேசர் கோயில் ஏற்றத்தையும், வோக்கரும் ஊன்றுகோலும் இன்றிச் சமதரையில் உறுதியாக நடக்கும் வரை ஒத்திவையுங்கள். காயம் முற்றாக ஆறும் முன் கடலில் இறங்கக்கூடாது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் கதிரையில் அமர்ந்து வழிபடுவதில் தயக்கம் வேண்டாம்.

வருத்தத்துடன் ஒன்றைச் சொல்லவேண்டும்: பத்தியம் என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்துவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. தசையும் தோலும் ஆறுவதற்குப் புரதமே வேண்டும். பாரையோ சூரையோ கிடைக்கும் ஊரில் நோயாளியைக் கஞ்சியோடு விடாதீர்கள். காயத்தின் மேல் எண்ணெய் பூசி உருவவும் கூடாது.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காயத்தில் நீர் வடிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டாலும், திடீர் வலியோடு கால் குட்டையானது போலத் தோன்றினாலும் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இரத்தக்கட்டி உண்டாகாதிருக்கத் தந்த ஊசியையோ மாத்திரையையோ, நன்றாக நடக்கிறார் என்று நினைத்து இடையில் நிறுத்தாதீர்கள். சில நோயாளிகளுக்கு அது ஏறக்குறைய 35 நாட்கள் வரை தொடரும்.

வாகனம் ஓட்டுவதைப் பலருக்கு ஏறக்குறைய 6 வாரங்களின் பின்னரே அனுமதிப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கும், படகிலேறித் தொழிலுக்குப் போவதற்கும் அதை விடக் கூடிய காலம் எடுக்கும். எக்ஸ்ரே பார்த்த நிபுணரின் சொல்லைக் கேட்டே அவற்றைத் தொடங்குங்கள்.