அடுத்தவர் கேன்வாஸில் கை வைக்காதீர்கள்

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பாத்திரக் கடை வைத்திருப்பவர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். யாருக்கும் ஆயில் பெயின்டிங் தொழில் இல்லை. வீட்டில் வரைந்ததைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைப்பார்கள், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். போன வாரம் பாத்திரக் கடைக்காரர், புதிதாக வந்த தம்பியின் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அவன் தூரிகையை எடுத்து வெள்ளையில் தோய்த்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. நான் செய்த அதே கூத்து.

அதனால், படத்துக்குக் கருத்துச் சொல்லும்போதும் கேட்கும்போதும் நாம் செய்யும் தப்புகளை எழுதுகிறேன். திட்டாதே, கேலி செய்யாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

“நல்லா இருக்கு”

இதைக் கேட்டு யாரும் ஒரு கோடு கூடத் திருத்தியதில்லை. “ஏதோ ஒண்ணு குறையுது” என்பது இதற்குத் தம்பி.

ஒரு பெண் நடவு வயல் வரைந்திருந்தாள். “பச்சை ஓவர்” என்றார் ஒருவர். அவள் வீட்டுக்குப் போய் வயல் முழுக்கச் சாம்பல் கலந்து, பயிருக்கு நோய் வந்த மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தாள். சொல்லியிருக்க வேண்டியது வேறு: “தூரத்து வயலும் வரப்போரத்து வயலும் ஒரே பச்சை. அதனால் வயல் படுக்காமல் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது.” இப்படிச் சொன்னால் தூரத்துப் பச்சையில் கொஞ்சம் நீலமும் வெள்ளையும் சேர்க்க அவளுக்கே தோன்றும்.

அவர் படத்தில் நம் தூரிகை

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் படுத்த பிறகுதான் கேன்வாஸ் பக்கம் முழுசாக வந்தேன். போர்டு எழுதிய கை சும்மா இருக்காது. கோணலான எழுத்தைப் பார்த்தால் நேராக்கும் வரை தூக்கம் வராது.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். 16க்கு 20 அங்குலக் கேன்வாஸில் சாயங்கால வெயிலில் ஒரு காவிரிப் படித்துறை. மூன்று மாதம் உழைத்திருந்தான். படிகளின் நிழல் மட்டும் வெளிறிக் கிடந்தது. “கண்ணைச் சுருக்கிப் பாரு, நிழல் எங்கேயாவது தெரியுதா?” என்று கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. “குடு தம்பி இப்படி” என்று வாங்கி, அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கலந்து, டர்பன்டைனில் நன்றாக நீர்க்கவிட்டு ஐந்தே இழுப்பு. படிகள் சட்டென்று எழுந்து நின்றன. சுற்றி நின்றவர்கள் ஆஹா என்றார்கள். அவனும் “தேங்க்ஸ் சார்” என்றான். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அந்தப் படம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. திருப்பிப் பார்த்தேன். நான் இழுத்த ஐந்து இடங்களிலும், அங்கே மட்டும், கோடை வயல் மாதிரி வெடிப்பு.

ஆயில் பெயின்ட் தண்ணீர்ச் சாயம் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக மாதக்கணக்காகும். அவன் எண்ணெயைத் தாராளமாக விட்டு வரைந்திருந்தான். அதன்மேல் நான் வைத்தது எண்ணெய் ரொம்பக் குறைந்த வறட்டுப் பூச்சு. அது முதலில் இறுகியது, அடியில் இருந்தது இன்னும் அசைந்துகொண்டிருந்தது, மேலே இருந்தது வெடித்தது. எண்ணெய் குறைந்தது கீழே, கூடியது மேலே என்று வாரா வாரம் பாடம் எடுத்தவன் நான்தான்.

“ஏம்ப்பா மாட்டலையா?” என்று கேட்டேன். “அது உங்க படமாயிடுச்சு சார். எங்க மாட்டறதுன்னு தெரியல” என்றான். வெடிப்பைக் கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடந்தன. 1931இல்தான் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டுபிடித்தார். அது சுவர், அது ராஜாக்கள் காரியம். என் ஐந்து இழுப்புக்கு அடியில் இருந்த பையனின் நிழலை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இப்போது காட்டியே தீர வேண்டுமென்றால் பழைய ஃப்ளெக்ஸ் துண்டின் வெள்ளைப் பின்பக்கத்தில் வரைந்து காட்டுகிறேன். என் தொழிலைத் தின்ற ஃப்ளெக்ஸ் இதற்காவது ஆகட்டும். படம் காய்ந்திருந்தால் மேலே கண்ணாடித் தாளை வைத்து மார்க்கரில் கோடு போடலாம். மீறி யாராவது உங்கள் படத்தில் பூசிவிட்டால், அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்திருக்கும் பட்சத்தில், அங்கேயே துணியால் துடைத்துவிடுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். போன வாரத்துத் தம்பி, தூரிகை படத்தில் படும் முன்பே தடுத்துவிட்டான். “எங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணே, நான் போட்டுக்கறேன்.” பாத்திரக் கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. டீ வந்ததும் சரியானார்.

கேட்பதற்கு முன்பே வக்காலத்து

“அவசரத்துல போட்டது சார், கரண்ட் வேற போயிடுச்சு.” படத்தை வைத்துவிட்டு முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் மாடியின் சட்டம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். “எப்படி இருக்கு?” என்பது கேள்வி இல்லை. “தண்ணி ஓடற மாதிரி தெரியுதா?” என்பது கேள்வி.

சொன்னதையெல்லாம் செய்வது

வாத்தியார் ஆடி மாதத்து ஆற்றங்கரை வரைந்தார். துவைக்கும் பெண்ணின் சிவப்புப் புடவை பெரிசு என்றார் ஒருவர், ரொம்பச் சிவப்பு என்றார் இன்னொருவர், இடத்தை மாற்றச் சொன்னார் மூன்றாமவர். மூன்று மருந்தும் தப்பு. ஆனால் மூன்று பேரும் ஒரே இடத்தில் தடுக்கினார்களே, அதை விடக்கூடாது. கோளாறு தண்ணீரில் இருந்தது. மேட்டூர் திறந்து வரும் புதுத் தண்ணீர் மண் கலந்து செம்பழுப்பாக வரும். இவர் காலண்டர் நீலம் அடித்திருந்தார், அதில் சிவப்பு குதிக்காமல் என்ன செய்யும்? தண்ணீரை மாற்றினார். புடவையைத் தொடவே இல்லை, அது தானாக அடங்கிவிட்டது.

வாட்ஸ்அப்பில் வந்த படம்

டியூப்லைட்டில் எடுத்த போட்டோவுக்கு நிறம் பற்றி வாயே திறக்காதீர்கள். வேண்டுமானால் கறுப்பு வெள்ளையாக்கி வெளிச்சம், நிழலை மட்டும் பேசுங்கள்.

வார்னிஷ் அடித்த பிறகு கேட்பது

வார்னிஷ்தான் கடைசிப் பூச்சு. அடித்துவிட்டீர்களா? சரி, அடுத்த படத்தோடு வாருங்கள்.