தனிப் பதிவகத்திலிருந்து என்பிஎம் பேக்கேஜ் நிறுவ டோக்கன் அமைப்பது எப்படி?

என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை, அதாவது நிரல் தொகுப்புகளை, நிறுவும் கருவி. அனுமதி பெற்றவருக்கு மட்டும் திறக்கும் தனிப் பதிவகத்தில் உள்ள பேக்கேஜை நிறுவும்போது 404 (‘காணவில்லை’) பிழை வந்தால், பெயரில் எழுத்துப்பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பல பதிவகங்கள் அனுமதி இல்லாதவருக்கு அப்படி ஒரு பேக்கேஜ் இருப்பதையே காட்டுவதில்லை. 401 (‘அடையாளம் உறுதியாகவில்லை’) வரவேண்டிய இடத்தில் 404 வருவது அதனால்தான். முதலில் டோக்கனை, அதாவது பதிவகத்திடம் உங்களை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீட்டை, சந்தேகியுங்கள்.

இங்கே எடுத்துக்காட்டாக, கிட்ஹப் தளத்தின் பதிவகமான கிட்ஹப் பேக்கேஜஸை எடுத்துக்கொள்கிறேன். என்பிஎம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. டோக்கன்

கிட்ஹப் அமைப்புகளில் டெவலப்பர் பகுதிக்குச் சென்று ‘கிளாசிக்’ வகை டோக்கனை உருவாக்குங்கள். பேக்கேஜ்களைப் படிக்கும் அனுமதி மட்டும் போதும்; மற்ற எதையும் தொடாதீர்கள். காலாவதித் தேதி கட்டாயம் வையுங்கள். டோக்கன் ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும். அப்போதே கடவுச்சொல் பெட்டகத்தில் சேமித்துவிடுங்கள்.

2. திட்டக் கோப்புறை

அங்குள்ள .என்பிஎம்ஆர்சி (என்பிஎம்மின் அமைப்புகள்) கோப்பில் இந்த ஒரு வரி:

@நிறுவனம்:ரெஜிஸ்ட்ரி=எச்டிடிபிஎஸ்://பதிவக-முகவரி/

இதில் ரகசியம் இல்லை. நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் தாராளமாகச் சேர்க்கலாம்.

3. டோக்கன் வரி

பலரும் தடுக்கி விழும் இடம் இது. முகப்புக் கோப்புறையில் உள்ள .என்பிஎம்ஆர்சி கோப்பில் எழுதுங்கள்:

//பதிவக-முகவரி/:_ஆத்டோக்கன்=உங்கள்-டோக்கன்

இரண்டு வரிகளிலும் சொற்களை ஆங்கில எழுத்தில் இடுங்கள். குறிகள் அப்படியே இருக்கட்டும். டோக்கன் வரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் வரக்கூடாது, இரண்டு சாய்வுக்கோடுகள் மட்டுமே. முகவரிக்குப் பின் வரும் சாய்வுக்கோட்டையும் அதையடுத்த முக்காற்புள்ளியையும் விடாதீர்கள். ‘டோக்கன்’ என்பதன் முதலெழுத்து பெரிய எழுத்து. என்பிஎம் ஒரு டோக்கனை அதற்குரிய முகவரிக்கு மட்டுமே அனுப்பும். ஆகவே இரண்டாம் படியில் எழுதிய முகவரியும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். போர்ட் எண் இருந்தால் அதுவும் சேர்த்து.

எல்லாம் சரியாக இருந்தும் பிழை நீடித்தால், திட்டக் கோப்பில் யாரோ விட்டுச்சென்ற பழைய டோக்கன் வரி இருக்கிறதா என்று பாருங்கள். திட்டக் கோப்புக்கே முன்னுரிமை என்பதால் உங்கள் புதிய டோக்கன் கண்டுகொள்ளப்படாது.

‘என்பிஎம் லாகின்’ கட்டளையை நான் பரிந்துரைப்பதில்லை. கோப்பைக் கையால் எழுதினால், எந்த வரி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டோக்கன் உள்ள கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கிவிடுங்கள். கணினியில் உள்ள மற்ற பயனர்கள் படிக்க முடியாது.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு சிக்கல்கள். நிறுவனம் எஸ்எஸ்ஓ (ஒரே உள்நுழைவில் எல்லாச் சேவைகளும்) பயன்படுத்தினால், டோக்கனை உருவாக்கியபின் அந்நிறுவனத்துக்கென அதை அங்கீகரிக்கவேண்டும். டோக்கன் பட்டியலிலேயே அதற்கான பொத்தான் இருக்கிறது. டாக்கர் இமேஜ் (செயலியை இயக்கத் தேவையானவை அனைத்தும் அடங்கிய தொகுப்பு) கட்டும்போது டோக்கனை ‘ஆர்க்’ எனும் கட்டுமான மாறி வழியாகக் கொடுக்காதீர்கள். இமேஜின் வரலாற்றில் அது தங்கிவிடும். இமேஜ் கையில் கிடைத்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். டாக்கரின் கட்டுமானக் கருவியான பில்ட்கிட்டின் ‘சீக்ரெட் மவுண்ட்’ வசதியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே ‘ஆர்க்’ வழியாகக் கொடுத்திருந்தால், இன்றே அந்த டோக்கனை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுங்கள்.