மரபணு மாற்று உணவு பற்றி எச்சரிக்கை வந்தால் எப்படி விசாரிப்பது?

உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். சோயா, மக்காச்சோள மாதிரிகளில் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது என் அன்றாடப் பணி. அதனால் உறவினர்களும் நண்பர்களும் பயமுறுத்தும் செய்திகளை எனக்கு அனுப்பி, “இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்பார்கள். அவர்களை ஏளனமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. வாயில் வைப்பது என்ன என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அப்படி ஒரு செய்தி வந்தால் நான் என்ன வரிசையில் விசாரிக்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயிரின் பெயரைக் கேளுங்கள். “மரபணு மாற்று உணவு ஆபத்து” என்று மொட்டையாகச் சொல்லும் செய்தியை விசாரிக்கவே வழியில்லை. எந்தப் பயிர், அதில் எந்த மரபணுவைப் புகுத்தினார்கள், அது எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். வைரஸைத் தாங்கும் பப்பாளிக்கும் களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. உலக சுகாதார நிறுவனமும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறது. பெயரைக் கேட்டதுமே பாதிச் செய்திகள் விழுந்துவிடும். விதையில்லாத் தர்பூசணியின் படத்தைப் போட்டு “மரபணு மாற்று” என்று சுற்றவிடுவார்கள். அது வழக்கமான கலப்பின முறையில் உருவானது.

அடுத்து, “மரபணு கண்டுபிடிக்கப்பட்டது” என்ற வரியில் நின்று யோசியுங்கள். சோயாவை அரைத்து, கரைசல் சேர்த்து, தெளிந்த நீரை வடித்து, குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் டி.என்.ஏ. வெள்ளை இழைகளாகத் திரளும். மாற்றப்பட்ட விதையாக இருந்தாலும் மாற்றப்படாத விதையாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது அதே இழைதான். பிறகு, டி.என்.ஏ. துண்டுகளைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில் குறிப்பிட்ட சில துண்டுகளைத் தேடுகிறோம். அவற்றில் ஒன்று 35எஸ் என்ற துண்டு. காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுக்கப்பட்டது. புகுத்திய மரபணுவை ஒரு சுவிட்சைப் போல இயக்கி வைக்கிறது. “உணவில் வைரஸ்” என்று பரவும் செய்திக்கு மூலம் இதுதான். அங்கே இருப்பது ஒரு சிறு துண்டு. அது தனியாக யாரையும் தொற்றாது. முழு வைரஸையும்கூட, நோய் பிடித்த காலிஃபிளவரோடு சேர்த்து மனிதர்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டுத்தான் வருகிறார்கள். அப்படி நோய் பிடித்த செடி கலந்த மாதிரியில், மரபணு மாற்றமே இல்லாவிட்டாலும் எங்கள் சோதனை ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். ஆகவே எங்கள் அறிக்கை சொல்வது அந்தத் துண்டு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. கெடுதல் உண்டா என்பது வேறு சோதனை.

நான் அதிக நேரம் செலவிடுவது ஒவ்வாமைக் கேள்வியில். இந்தப் பயத்துக்கு உண்மையான அடிப்படை உண்டு. தீவனத்துக்காக சோயாவின் சத்தைக் கூட்ட, பிரேசில் நட் கொட்டையின் மரபணுவைப் புகுத்திப் பார்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தில் சோதித்தபோது, ஒவ்வாமை தரும் புரதமும் சோயாவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. ஆய்வு 1996இல் வெளியானது. அந்த சோயா விற்பனைக்கு வரவே இல்லை. ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் மரபணுவைப் பட்டாணியில் புகுத்தியபோது, அதைத் தின்ற எலிகளுக்கு ஒவ்வாமை போன்ற எதிர்வினைகள் தோன்றின. 2005இல் அந்த முயற்சியும் கைவிடப்பட்டது. இரண்டையும் பிடித்தது முன்கூட்டியே செய்த சோதனை. எனவே ஒரு புதிய பயிரைப் பற்றி இவற்றைக் கேளுங்கள்: மரபணு வந்த மூலம் ஒவ்வாமை தரக்கூடியதா? புதிய புரதத்தின் அமைப்பு, தெரிந்த ஒவ்வாமைப் புரதம் எதையாவது ஒத்திருக்கிறதா? இரைப்பைச் சாற்றில் அது சீக்கிரம் சிதைகிறதா?

சோதனை சரியாக இருந்தும் ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தின் புரதம் எளிதில் செரிக்காது என்ற ஐயத்தால், அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமே அனுமதித்தார்கள். 2000இல் அது மனிதர்கள் உண்ணும் பொருட்களில் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தானியம் லாரியிலும் கிடங்கிலும் கலந்துவிடும். தீவனத்துக்கு மட்டும் என்ற அனுமதியே தவறு என்பது என் கருத்து.

எலி ஆய்வை மேற்கோள் காட்டினால் எலிகளின் எண்ணிக்கையையும் இனத்தையும் பாருங்கள். கட்டிகளோடு இருக்கும் எலிகளின் படங்கள் பரவியது 2012இல் பிரான்சின் செராலினி குழு வெளியிட்ட ஆய்விலிருந்து. ஒவ்வொரு பிரிவிலும் 10 எலிகள்தான். அந்த இன எலிகளுக்கு வயதானால் தானாகவே கட்டிகள் வரும். ஆய்வோ இரண்டு ஆண்டுகள் நடந்தது. இதழ் 2013இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014இல் வேறோர் இதழ் மறுபடி வெளியிட்டது. நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வுகளையும் இதே கண்டிப்போடு படியுங்கள். மொத்தச் சித்திரம் வேண்டுமென்றால், அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகளின் 2016 அறிக்கையைப் பாருங்கள். சந்தையில் உள்ள மரபணு மாற்று உணவுகள் மற்றவற்றைவிட உடல்நலத்துக்கு அதிக ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். நுட்பமான, நீண்டகால விளைவுகளைக் கண்டறிவது கடினம் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையால்தான் அந்த அறிக்கையை நம்புகிறேன்.

களைக்கொல்லிக் கவலையைத் தனியே பிரித்துவிடுங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் வகைப்படுத்தியது; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது. இங்கே கேட்க வேண்டியது, உணவில் எச்சம் எவ்வளவு என்பது. அந்த மருந்து மரபணு மாற்றாத பயிரிலும் தெளிக்கப்படுகிறது. விதை விவசாயிகள் கையிலா, நிறுவனங்களின் கையிலா என்பதும் நியாயமான சண்டைதான். ஆனால் அதற்கு உடல்நலச் சாயம் பூச வேண்டாம்.

உறையில் “மரபணு மாற்றப்படாதது” என்று இருப்பதைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லெனாப்பே என்ற உருளைக்கிழங்கு வழக்கமான கலப்பின முறையில் உருவாகி 1967இல் வெளியானது. நச்சுப்பொருள் அதிகமாக இருந்ததால் 1970இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. உப்பிலும் அந்த வாசகத்தை அச்சிடுகிறார்கள். உப்பில் மரபணுவே கிடையாது.

ஏதோ சாப்பிட்டு உண்மையிலேயே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் தொகுதி எண் இருக்கும். மிச்ச உணவைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எப்போது அறிகுறி தொடங்கியது, கூடவே வேறென்ன சாப்பிட்டீர்கள் என்று அன்றே எழுதிவைத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள். ஸ்டார்லிங்க் விவகாரத்தில் இப்படிப் புகார் செய்தவர்களில் 28 பேரின் அறிகுறிகள் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கருதியது. அவர்களில் ரத்தம் கொடுத்தவர்களைச் சோதித்தபோது, அந்தப் புரதம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. புகாரும் ரத்தமும் இல்லாதிருந்தால், அந்தச் சோதனையே நடந்திருக்காது.