சரியாத பை கிரஸ்ட்: கொண்டைக்கடலை வைத்துச் சுடும் முறை

எலுமிச்சைப் பை (pie) செய்ய ஆசைப்பட்டு நான் முதன்முதலில் சுட்டெடுத்தது ஏறக்குறைய ஒரு பூரி. தட்டின் விளிம்புவரை ஏற்றி ஒட்டிய மாவு வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது, நடுப்பகுதியோ உப்பி மேலே வந்துவிட்டது. கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குன்று. எடை வைக்காமல் சுட்டேனா என்றால், வைத்தேன். நடுவில், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை. தப்பு அந்த ஒரு கைப்பிடியில்தான்.

பூரணம் வைக்காமல் கிரஸ்டை, அதாவது பையின் மாவுக் கிண்ணத்தை மட்டும் முன்கூட்டியே சுடுவதைத்தான் பிளைண்ட் பேக்கிங் என்கிறார்கள். எலுமிச்சைப் பையின் பூரணமான லெமன் கர்ட் அடுப்பிலேயே வெந்துவிடுவதால், அதற்கான கிரஸ்ட் முழுசாகச் சுட்டிருக்க வேண்டும். கீஷ் (முட்டை ஊற்றிச் சுடும் காரப் பை), பூசணிப் பை போன்றவற்றில் முட்டைக் கலவையை ஊற்றி மறுபடியும் சுடுவோம். அவற்றுக்குக் கிரஸ்ட் அரைப்பதம் போதும். அதையும் செய்யாமல் பச்சை மாவிலேயே ஊற்றினால் அடி சொதசொதவென்று நிற்கும்.

எடை எதற்கு? வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர். பிசையும்போது நாமும் கொஞ்சம் சேர்க்கிறோம். அது ஆவியாகி அடிப்பாகத்தைத் தூக்கும். இது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் எல்லோரும் நடுவில் மட்டும் எடை வைக்கிறார்கள். ஆனால் பெரிய சிக்கல் சுவரில் இருக்கிறது. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மாவு வெந்து இறுகுவதற்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். இந்த இடைவெளியில் சுவரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, சரிகிறது. எனவே எடை சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். அதாவது, தட்டை விளிம்புவரை நிரப்ப வேண்டும்.

மாவு

23 செ.மீ. தட்டுக்கு 160 கிராம் மைதா, 110 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 3 அல்லது 4 மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்து, தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் இழுவை வந்து, சுடும்போது சுருங்கும். மூடி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில்.

தட்டில் விரிப்பது

3 மி.மீ. கனத்தில், தட்டைவிட ஏழெட்டு செ.மீ. அகலமாகத் தேயுங்கள். பூரிக்கட்டையில் சுற்றி எடுத்துத் தட்டின் மேல் விரியுங்கள். இப்போது ஒரு கையால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, மூலைக்குள் மாவு தானாக இறங்கும்படி விடுங்கள். இழுத்து அழுத்தினால், இழுத்த அளவுக்கு அவனில் (oven) திரும்பச் சுருங்கும். அதிகமாகத் தொங்குவதை நறுக்கிவிட்டு, மிஞ்சிய ஓரத்தை உள்பக்கமாக மடித்துத் தடிப்பாக்குங்கள். நறுக்கிய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

அப்படியே அரை மணி நேரம் ஃப்ரீசரில். நம் ஊர் வெயிலுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. தட்டு அலுமினியமாக இருந்தால் நல்லது. கண்ணாடித் தட்டு என்றால் ஃப்ரீசர் வேண்டாம், ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்துச் சில்லிப்புத் தணிந்த பிறகே சுடுங்கள். குளிர்ந்த கண்ணாடி சூடான அவனுக்குள் போனால் வெடிக்கலாம்.

காகிதமும் எடையும்

அவனை 190 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். ஓடிஜி (சின்ன மின்சார அவன்) என்றால் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியட்டும், தட்டு கீழ்த்தட்டில் இருக்கட்டும். பேக்கிங் பேப்பரைக் கையில் கசக்கிப் பிரித்தால் மூலைகளில் மடங்கி உட்காரும். ஓரம் நாலாபுறமும் நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். பின்னால் தூக்குவதற்கு அதுதான் காது.

இதற்கென்று பீங்கான் குண்டுகள் விற்கிறார்கள். ஒரு பாக்கெட் வாங்கினால் அடி மட்டும்தான் நிரம்பும், விளிம்புவரை வர இரண்டு மூன்று வேண்டும். காசு தண்டம். கொண்டைக்கடலையே போதும், ஒரு கிலோ இருந்தால் தட்டு நிரம்பிவிடும். அரிசி இன்னும் நன்றாக மூலைகளில் நுழையும், ஆனால் காகிதம் கிழிந்தால் மாவில் குத்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சர்க்கரை. கனமானது, சந்து விடாமல் நிரம்பும், சுட்டபின் லேசான வறுத்த மணத்தோடு பாயசத்துக்கும் ஆகும். சர்க்கரை வைத்தால் சூட்டை 175 டிகிரிக்குக் குறைத்து, பத்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள்.

எதுவானாலும் நடுவில் குவிக்காமல் சுவர்ப்பக்கம் தள்ளி, விளிம்பு மட்டத்துக்கு நிரப்புங்கள். முள்கரண்டியால் குத்த வேண்டுமா என்று கேட்பார்கள். இவ்வளவு எடை இருக்கும்போது தேவையில்லை. கீஷுக்குக் குத்தினால் அந்த ஓட்டை வழியாகவே கலவை ஒழுகும்.

சுட்ட கடலை பிறகு சமையலுக்கு ஆகாது. என் டப்பாவில் பெயர் எழுதாமல் விட்டதால் அம்மா அதை ராத்திரி முழுக்க ஊறவைத்து, எட்டு விசில் விட்டும் வேகாமல், கடைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

சுடுவது

20 முதல் 25 நிமிடம். கடிகாரத்தைவிடக் காகிதத்தை நம்புங்கள். ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்க்கும்போது மாவில் ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். ஒட்டாமல் வந்தால் நான்கு காதையும் சேர்த்துப் பிடித்து, எடையோடு தூக்கிப் பாத்திரத்தில் வையுங்கள். கடலை கொதிக்கிற சூட்டில் இருக்கும், பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம்.

இப்போது அடிப்பாகம் வெளுத்து, ஈரமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். திரும்ப அவனுக்குள் வையுங்கள்: அரைப்பதத்துக்கு 5 முதல் 8 நிமிடம், முழுசாக என்றால் 12 முதல் 15 நிமிடம், முறுக்கு நிறம் வரும்வரை. எங்காவது குமிழி எழுந்தால் கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாக அழுத்துங்கள்.

விரிசல் விட்டிருந்தால் எடுத்துவைத்த துண்டு மாவைத் தண்ணீர் தொட்டு மெல்லியதாக அப்புங்கள். கீஷ் என்றால் அடித்த முட்டையை உள்ளே ஒரு பூச்சுப் பூசி, 2 நிமிடம் சுட்டெடுங்கள், ஒழுகாது. முட்டைக் கலவையைச் சூடான கிரஸ்டிலேயே ஊற்றலாம். எலுமிச்சைப் பைக்கு மட்டும் கிரஸ்ட் முழுசாக ஆறட்டும்.