சீஸ் தட்டுக்காக நல்ல சிவப்பு ஒயினைத் திறக்காதீர்கள்

ஒயின் பரிமாறும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கார்க்கை உடையாமல் எடுப்பது எப்படி, கோப்பையை எங்கே பிடிப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதெல்லாம் சில நாளில் கைக்கு வந்துவிடும். எந்த ஒயின் எந்த உணவுக்குச் சேரும் என்பதில் செய்கிற தவறுகள்தான் வருடக்கணக்கில் கூடவே வரும். பாரிஸில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்கள் செய்ததையே இன்று வருகிறவர்களும் அச்சு அசலாகச் செய்கிறார்கள்.

சீஸுக்கு விலை உயர்ந்த சிவப்பு

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பிரான்ஸில் முக்கிய உணவு முடிந்து, இனிப்பு வருவதற்கு முன்னால் சீஸ் தட்டு வரும். விருந்து போகப்போகச் சிறப்பாக வேண்டும் என்று நினைத்து, இருப்பதிலேயே நல்ல சிவப்பு ஒயினை அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வைப்பார்கள்.

ஒருமுறை திருமண நாள் கொண்டாட வந்த தம்பதிக்கு எங்கள் புதிய பையன் இந்த யோசனையைத்தான் சொல்லியிருக்கிறான். ஆட்டுத்தொடைக்கு ஏதோ ஒரு சாதாரண ஒயின். அது முடிந்து பிரீ, கமம்பேர், ரோக்ஃபோர் என்ற சீஸெல்லாம் தட்டில் வந்த பிறகு பரோலோ என்ற விலை உயர்ந்த சிவப்பு ஒயின். ஒரு மிடறு குடித்த கணவர், ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அரைமணி நேரம் முன்னால் அந்த ஆட்டுக்கறியோடு வந்திருந்தால் மனிதர் இன்னொரு பாட்டில் கேட்டிருப்பார்.

பரோலோ, இத்தாலியின் பியமாண்ட் பகுதியில் நெபியோலோ என்ற ஒரே திராட்சை ரகத்திலிருந்து வருவது. குறைந்தது 38 மாதம் பக்குவப்படுத்தாமல் விற்கக்கூடாது; அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். அப்படியும் துவர்ப்பும் புளிப்பும் தூக்கலாகவே இருக்கும். துவர்ப்புக்குக் காரணமான டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. கடுந்தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதல்லவா, கறியோடு குடிக்கும்போதும் அதுதான் நடக்கிறது.

சீஸிலும் புரதம் இருக்கிறதே என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் பிரீயும் கமம்பேரும் நன்றாகப் பழுத்த பிறகு, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும் தோலில் அம்மோனியா வாடை ஏறிவிடும். அதோடு சேர்ந்தால் துவர்ப்பான சிவப்பு ஒயின் கசக்கும், உலோகத்தை நக்கியதுபோல் ஆகிவிடும். ரோக்ஃபோரின் உப்பும் நீலப் பூஞ்சையின் காட்டமும் மிச்சமிருக்கும் பழச்சுவையையும் அமுக்கிவிடும்.

சீஸுக்கு வெள்ளைதான் பாதுகாப்பு. அந்தந்த ஊர்க்காரர்கள் செய்வதைப் பார்த்தாலே போதும். பிரான்ஸின் லுவார் பகுதியில் ஷவிஞோல் ஆட்டுப்பால் சீஸுக்கு, பக்கத்திலேயே விளையும் சான்சேர் ஒயின். அது சொவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ரகம். அல்சாஸில் நாறும் மன்ஸ்டர் சீஸுக்கு, அதே அளவு வாசனை தூக்கும் கெவுர்ட்ஸ்ட்ராமினர் ஒயின். ஜூராவில் கொம்தே சீஸுக்கு வான் ஜோன் என்ற ஒயின்: சவஞான் திராட்சையில் செய்து, ஆறு வருடத்துக்கும் மேலாக ஈஸ்ட் படலத்தின் அடியில் வைத்து, 62 சென்டிலிட்டர் குட்டைப் பாட்டிலில் அடைப்பார்கள். ரோக்ஃபோருக்கு சோட்டெர்ன் என்ற இனிப்பு வெள்ளை ஒயின், உப்புக்கு நேரெதிரே அந்த இனிப்பு.

சிவப்புதான் வேண்டும் என்று விருந்தாளி அடம்பிடித்தால், முதிர்ந்த கெட்டி சீஸ் மட்டும் வையுங்கள். பார்மேசன் பரவாயில்லை. ஆனால் பரோலோவைக் கறியோடே திறந்துவிடுங்கள், மிச்சம் சீஸுக்கு வரட்டும்.

மீனுக்குச் சிவப்பே ஆகாது என்பது

பாதி உண்மை. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்துதான் மீன்வாடையைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் எந்த பாட்டிலில் எவ்வளவு இரும்பு என்று லேபிளில் இருக்காது. அதனால் சால்மன், சூரை போன்ற மீனுக்குத் துவர்ப்பு குறைந்த சிவப்பான பினோ நுவார், கொஞ்சம் குளிரவைத்து. கானாங்கெளுத்திக்குத் துவர்ப்பு தூக்கலான கபர்னே சொவிஞோன் வேண்டவே வேண்டாம். சிப்பிக்கு மஸ்கடே அல்லது ஷாப்ளி, இரண்டும் வெள்ளை ஒயின். மஸ்கடேயை மஸ்கட் திராட்சை ஒயின் என்று நினைத்து இனிப்பை எதிர்பார்க்கிறவர்களும் உண்டு; அது மெலோன் டி பர்கோன் என்ற வேறு ரகம், இனிப்பே இருக்காது.

ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்று சொல்வது

ரீஸ்லிங் ஒரு வெள்ளைத் திராட்சை ரகம். ஜெர்மன் பாட்டிலில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சொல் இல்லையென்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள்: 8 சதவீதம் போல இருந்தால் இனிப்பு நிறைய மிச்சம், 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் குறைவு. மிளகாய்க் காரமான சாப்பாட்டுக்கு அந்த 8 சதவீத இனிப்பு வகைதான் சரி. ஆல்கஹால் ஏற ஏற, காரமும் ஏறும்.

கேக்கோடு 'புருட்' ஷாம்பெயின்

வேண்டாம். புருட் வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரைதான். கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வெறும் புளிப்பு. அதைவிட இனிப்பான 'டெமி-செக்' வாங்குங்கள்.

சிவப்பை அறைச் சூட்டில் கொடுப்பது

கோடையில் அறை 28 டிகிரி. ஃபிரிட்ஜில் கால்மணி நேரம் வையுங்கள்.

கறியைப் பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுப்பது

சாஸைப் பாருங்கள். அதே கோழிதான்: கிரீமில் வெந்தால் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின், சிவப்பு ஒயினில் வெந்தால் பினோ நுவார்.